இடப்பக்கம் சாய்ந்த பட்டை

கண்புரை அறுவை முடிந்த மறுநாள் காலை, கண்மூடியைக் கழற்றிவிட்டு முதல் மாடி ஜன்னலைத் திறந்தேன். ஒரு வருஷமாகப் பால் கலந்த தண்ணீராகத் தெரிந்த என் தோட்டம், அன்று கழுவித் துடைத்த பீங்கான் தட்டாகத் தெரிந்தது. என் கண் மருத்துவர் கெட்டிக்காரர். இவ்வளவு கெட்டிக்காரராக அவர் இருந்திருக்க வேண்டியதில்லை என்று அரை நிமிஷத்தில் எனக்குத் தோன்றிவிட்டது.

ஜன்னலுக்கு நேர் கீழே, முப்பது மீட்டர் நீளத்துக்கு, எங்கள் குடும்பச் சின்னம் தரையில் விரிந்து கிடக்கிறது. கேடய வடிவில் வேலிச்செடி. உள்ளே இடித்த செங்கல் தூள் பரப்பிய சிவப்புத் தரை. அதில் வெள்ளைக் கூழாங்கல்லால் மூன்று பிறைகள். குறுக்கே, பச்சைச் செடியால் ஒரு மெல்லிய சாய்ந்த பட்டை. வெர்னுவா குடும்பத்தின் இந்தச் சின்னம்தான் என் விரல் மோதிரத்திலும், வெள்ளிக் கரண்டிகளிலும், சீட்டு வாங்கித் தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு என் மருமகள் விற்கும் கோப்பைகளிலும் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். மோதிரத்தில் பட்டை இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்குகிறது. தோட்டத்தில் அது வலப்பக்க மேல்மூலையிலிருந்து இடப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பிரான்ஸில் எங்களைப் போன்ற சீமான் குடும்பங்களில் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். மெல்லிய பட்டை ஒன்று இப்படி இடப்பக்கம் சரிந்திருந்தால், அந்தக் குடும்பத்தைத் தொடங்கிவைத்தவரின் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பொருள். இதைச் சுருக்கமாகச் சொல்ல ஊரில் வேறொரு சொல் உண்டு. அதை நான் எழுதப் போவதில்லை.

கைத்தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஒருவேளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாக இருக்குமோ என்ற நப்பாசையில், கால்வாய்க் கரை வரை நடந்து, திரும்பி நின்று பார்த்தேன். அங்கிருந்தும் அப்படியேதான் சரிந்தது. நம்பாதவர்கள் ஒரு தாளில் குறுக்கே பட்டை போட்டுச் சுற்றிப் பார்க்கலாம். தலைகீழாக நின்றாலும் அது மாறாது. இந்த வகையில் அது எங்கள் குடும்பத்தின் குணத்தை அப்படியே கொண்டிருந்தது.

சீமான்கள் செய்யும் தவறுகளைச் சொல்வதில் உலகத்துக்கு அலாதி மகிழ்ச்சி என்பதால், என் தவறை நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சீனாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சி நுழைவுச்சீட்டு வாங்காமல் எங்கள் தோட்டத்துக்குள் வந்தது. அதன் புழுக்களுக்கு புய் என்கிற முழங்கால் உயர வேலிச்செடி என்றால் உயிர். ஒரே கோடையில் இரண்டாயிரத்து அறுநூறு செடியைத் தின்று, என் முன்னோர்களின் சின்னத்தைக் காய்ந்த துடைப்பக்கட்டையாக ஆக்கிவிட்டுப் போய்விட்டன. எங்கள் தலைமைத் தோட்டக்காரி ஸொலேன், பிரித்தானி பக்கத்துப் பெண், முப்பத்து நாலு வயது, அதிகம் பேசாதவள். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, புழு தொடாத சிற்றிலைச் செடி ஒன்றை வைத்துப் புதிதாக நடலாம் என்றாள். எந்த வரைபடத்தைப் பார்த்து நடுவது என்று கேட்டாள். என் படிப்பறையில் தாத்தா 1908இல் வரைந்த படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது, அது போதுமா, அல்லது ஆவணக் காப்பகத்தில் அதைவிடப் பழசு இருந்தால் தேடவா என்றாள்.

இந்த இடத்தில் ஒரு மளிகைக்கடைக்காரராக இருந்தால், இருப்பதே போதும் என்று சொல்லியிருப்பார். நான் எங்கள் தாளில், எங்கள் முத்திரைக்குக் கீழே, என் கையால் எழுதிக் கொடுத்தேன்: கிடைப்பதில் எது மிகப் பழையதோ, அதன்படிதான். பழையது என்றால் உயர்ந்தது என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரம் பின்னால் போகிறோமோ அவ்வளவு தூரம் நாம் சுத்தமாகிக்கொண்டே போவோம் என்று எழுபத்தெட்டு வயது வரை நம்பியிருந்தேன்.

கண் தெளிந்த அன்று காலை ஸொலேனைக் கூப்பிட்டுப் பட்டையைக் கைத்தடியால் சுட்டிக்காட்டினேன். அவள் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பொறுமையாகச் சொன்னாள்.

"1694ஆம் வருஷத்துப் படங்க ஐயா. உங்க வம்சத்தையும் தோட்டத்தையும் முதல்ல தொடங்கின பார்தெலெமி ஐயா காலத்துது. அதுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல, சதுப்பு. பழசுதான் வேணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அதுல இப்படியா இருந்துச்சு?"

"அப்படியேதாங்க. நாலு தடவை அளந்தேன்."

பட்டை இப்படிச் சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நான் எப்படிங்க நினைப்பேன்?" என்றாள். அதில் கிண்டல் துளியும் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு மெல்ல எல்லாம் விளங்கியது. நடுவில் ஒரு தலைமுறை இந்தத் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு இங்கிலாந்து பாணியில் வெறும் புல்லாக விட்டிருந்தது. தாத்தாதான் அதை மீட்டார். மீட்கும்போது பட்டையைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டு, அதே கையோடு மோதிரத்தையும் கரண்டியையும் செய்யக் கொடுத்திருக்கிறார். கோட்டை வாசலுக்கு மேலே கல்லில் இருந்த சின்னத்தைப் புரட்சிக்காரர்கள் அந்தக் காலத்திலேயே சுத்தியலால் கொத்தி எடுத்துவிட்டார்கள். அதற்காக நான்கு தலைமுறையாக அவர்களைச் சபித்து வந்திருக்கிறோம். இவ்வளவு பெரிய உபகாரம் செய்தவர்களை யாரும் இப்படிச் சபித்திருக்க மாட்டார்கள்.

இதோடு போயிருந்தால் இரண்டாயிரத்து அறுநூறு செடியையும் மறுபடி பிடுங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் வியாழக்கிழமை வரலாற்றுத் தோட்டங்களின் குழு வருவதாக இருந்தது. தோட்டம் மூலப்படிவத்தில் மீட்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, படத்தோடு அறிக்கை அச்சிடுவார்கள். அந்த அறிக்கை நாட்டில் உள்ள கோட்டைக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகும். அதில் எங்கள் பட்டை இடப்பக்கம் சாய்ந்து வந்தால், நான் செத்த பிறகும் வெர்னுவா என்ற பெயரைச் சொல்கிறவர்கள் உதட்டைக் கொஞ்சம் கோணலாக்கிக்கொண்டுதான் சொல்வார்கள். போதாததற்கு, குழுவில் சின்னங்களை ஆராயும் நிபுணராக வருகிறவர் ஆடெமார். என் சித்தப்பா மகளைக் கட்டியவர், பிறர் வம்சாவளியில் ஓட்டை தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அவருடைய சொந்த வம்சாவளி ஒரு உப்பு வரி வசூலிப்பாளரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போனால் உப்புதான்.

மருமகள் ஒரியானிடம் சொன்னேன். லியோன் நகரத்து மருந்துத் தொழிற்சாலைக் குடும்பம், நல்ல பெண், காரியக்காரி. எங்கள் வீட்டில் கணவன் மனைவிகூட ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான் அழைப்பார்கள், நாய்க்கு மட்டும்தான் நீ. இதை அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். இந்தத் தோட்டத்தை நவீனமாக்குகிறேன் என்று போன வருஷம் ஒரு கலைஞரை அழைத்துவந்ததும் அவள்தான். அவர் காய்கறித் தோட்டத்தில் ஏழு குளியல் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்து, 'மௌனம்' என்று பெயரிட்டுவிட்டுப் போனார். முட்டைக்கோஸ்கள் அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை.

ஒரியான் ஐந்து நிமிஷம் யோசித்தாள்.

"பழைய படம் எண்ணெய்த் தாளுல இருக்காம் மாமா, ரெண்டு பக்கமும் தெரியும். ஸொலேன் தாளைத் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டான்னு சொல்லிடுங்க. வலது இடதாயிடும். அடுத்த வருஷம் சரி பண்ணிடறோம்னு சொன்னா, போட்டோ போடாம விட்டுடுவாங்க."

அது ஸொலேனின் தலையில் விழுமே என்றேன். வரைபடத்தைப் புரட்டிப் படித்த தோட்டக்காரி என்று ஒருமுறை அச்சில் வந்துவிட்டால், இந்தத் தொழிலில் வேறெந்தக் கோட்டையும் அவளைக் கூப்பிடாது. ஒரியான் தோளைக் குலுக்கினாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. குடும்ப மானத்தைக் காப்பவன் சில சமயம் தூக்கத்தைக் காப்பாற்ற முடியாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு நாளைக் கழித்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். குழுவின் தலைவி மதாம் பெனெதி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நோட்டு. படம் எடுக்க ஒரு இளைஞன். அப்புறம் ஆடெமார், பட்டுக் கழுத்துத்துணியும் வாசனைத் தைலமுமாக. குளியல் தொட்டிகளைக் கடக்கும்போது அவர் நின்று, வெர்னுவா குடும்பத்தில் இப்போதெல்லாம் குளிக்கிறார்களா, நல்ல முன்னேற்றம் என்றார். அது கலை என்று ஒரியான் சொன்னாள். அப்படியானால் குளிப்பதில்லை என்று ஆடெமார் தலையசைத்தார்.

தோட்டத்தை அடைந்தோம். ஸொலேன் வேலை உடையில், கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேடயத்தின் முனையில் நின்றிருந்தாள். ஆடெமாரின் பார்வை பிறைகளைத் தொட்டு, பட்டையைத் தொட்டு, அங்கேயே நின்றது. அவர் முகத்தில் பரவியதை விவரிக்க வேண்டுமானால், சாப்பாட்டு மேஜையில் கடைசித் துண்டு பாலாடைக்கட்டி தனக்குத்தான் என்று தெரிந்த ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

"கோன்ஸாக், உங்க மோதிரத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார், மிக மென்மையாக.

நான் கையை நீட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராக மதாம் பெனெதியைப் பார்த்துச் சொன்னேன்.

"அது தோட்டக்காரியோட பிழை, மதாம். எண்ணெய்த் தாளைத் திருப்பிப் போட்டுப் படிச்சுட்டாங்க. மூலப்படத்துல பட்டை சரியான பக்கம்தான் இருக்கு."

சொல்லி முடித்தபோது என் முதுகு எப்போதும்போல் நேராகவே இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன். ஸொலேன் என்னைப் பார்த்தாள். கையுறையை மட்டும் கழற்றினாள்.

ஆடெமார் முகம் வாடியது. மதாம் பெனெதி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, மூலப்படத்தின் நகல் இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டார். தேவையில்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள், கருவிக் கொட்டகையில் இருப்பதாக ஸொலேன் சொல்லிவிட்டாள். போய் எடுத்துவந்தாள். மேஜை அகலத்துக்கு ஒரு நகல், மண் ஒட்டிய நான்கு மூலைகள். அதைச் சரளைக்கல்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு பக்கமும் கல் வைத்தாள்.

பட்டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இது நகல், தாளைத் திருப்பி வைத்து எடுத்திருக்கலாம் என்றேன். என் குரல் எனக்கே ஒரு வக்கீலுடையதைப் போலக் கேட்டது.

மதாம் பெனெதி குனிந்து, படத்தின் அடியில் இருந்த பழைய கையெழுத்தில் விரலை வைத்தார். "எழுத்தெல்லாம் நேரா இருக்கே, ஐயா. தாள் திரும்பியிருந்தா இதுவும் திரும்பியிருக்கணுமே."

எழுத்து நேராகத்தான் இருந்தது. அது பார்தெலெமி த வெர்னுவா தன் தோட்டக்காரருக்கு எழுதிய குறிப்பு. மதாம் பெனெதி அதை உரக்கப் படித்தார்: *பட்டையை அடர்த்தியாக நடவும். முதல் மாடி ஜன்னலில் நிற்கிற எவருக்கும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சந்தேகம் வரக்கூடாது.*

கால்வாயில் ஒரு வாத்து மட்டும் தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனது.

எனக்கு மறைக்க வேண்டியதாக இருந்ததை, அந்த மனிதர் தன் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே முப்பது மீட்டருக்கு விரித்து, காலையில் எழுந்ததும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார். விருந்துக்கு வந்த ஒவ்வொருவரையும் அந்த ஜன்னலுக்குக் கூட்டிப்போயிருப்பார். நாங்கள் அவருடைய பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, அவர் சொன்னதை மட்டும் திருத்திக்கொண்டிருந்தோம்.

ஆடெமார் தன்னை மீட்டுக்கொண்டார். அவருக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. தகப்பன் யார் என்பதுதான் எல்லாம். ஒரு கோமகனோ, இளவரசனோ என்றால், இப்படிப் பிறந்தது ஒழுங்காகப் பிறந்ததைவிட மேல். அப்படிப்பட்ட பட்டைக்காக உயிரையே விடக்கூடியவர்கள் எங்களில் உண்டு. அவரும் அதில் ஒருவர். எனக்குமே அந்தக் கணத்தில் நெஞ்சு ஒருமுறை எம்பியதை ஒப்புக்கொள்கிறேன்.

"அப்பா யாருன்னு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார் ஆடெமார். குரலில் பொறாமை இப்போதே தயாராக நின்றது.

ஸொலேன் என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் அவள் பெயரைக் கெடுத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் என் அனுமதிக்குக் காத்திருந்தாள். தலையசைத்தேன்.

"அந்தப் படம் இருந்த காகிதக் கட்டுலயே இருந்துச்சுங்க" என்றாள். "ஒரு பேராலயத்துப் பாதிரியார். அம்மா அவர் வீட்டுல சமையல் பண்ணவங்க. நிலத்தையும் அவர்தான் எழுதிவச்சாரு."

ஆடெமாரின் முகத்தில் ஒளி வந்தது. பொறாமை தேவையில்லை என்றானதும் அவர் எவ்வளவு அன்பானவராகிவிட்டார். என் தோளில் கை வைத்து, சீமான்கள் சங்கத்தில் இதை யார் காதிலும் போடமாட்டேன், நான் கவலைப்படக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பாரிஸில் யார் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியும்.

"எல்லார்கிட்டயும் சொல்லுங்க, ஆடெமார்" என்றேன். "தப்பில்லாம சொல்லுங்க. சமையல்காரியைச் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் கை என் தோளிலிருந்து நழுவியது.

பிறகு நான் ஸொலேன் பக்கம் திரும்பினேன். எங்கள் குடும்பத்தில் கடைசியாக மன்னிப்புக் கேட்டவர் 1793இல் கேட்டார், தலை வெட்டும் கத்தி மேடையில் நின்றுகொண்டு. அதனால் பெரிய பயன் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குப் பழக்கம் இல்லாததால் வார்த்தைகளைத் தேட வேண்டியிருந்தது. நோட்டுப் புத்தகக்காரி, படம் எடுப்பவன், மருமகள், ஆடெமார் எல்லோரும் கேட்கும்படிதான் பொய் சொன்னேன். அத்தனை பேரும் கேட்கும்படியே இதையும் சொல்லியாக வேண்டும்.

"ஸொலேன், நான் சொன்னது பொய். தெரிஞ்சே சொன்னேன். நீங்க தப்பே பண்ணல. என் பேரைக் காப்பாத்திக்க உங்க பேரைக் குடுத்துட்டேன். என்னை மன்னிக்கணும்." மதாம் பெனெதியிடம், "இதையும் எழுதிக்குங்க, மதாம். முன்னால எழுதினதை அடிச்சிட்டு எழுதுங்க" என்றேன்.

அவர் அடித்தார். பேனா தாளில் உராயும் சத்தம் கேட்டது. அடித்ததற்குக் கீழே அறிக்கையில் என்ன போடுவது என்று கேட்டார். மூன்று பிறைகள், இடப்பக்கம் சாய்ந்த பட்டை, 1694ஆம் ஆண்டுப் படத்தின்படி, நட்டவர் ஸொலேன் லெ கோஃப் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். ஒரியான் என் கையைத் தொட்டு, பட்டை என்று மட்டும் போட்டால் போதாதா மாமா, எந்தப் பக்கம் என்று எதற்கு என்று மெதுவாகக் கேட்டாள். ஜன்னலில் நிற்கிறவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றேன்.

ஆடெமார் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வாத்துக் கறி என்று தெரிந்தும் நிற்கவில்லை. அவர் கார் கதவு சாத்துகிற சத்தத்தில்கூட ஒரு அவசரம் இருந்தது. சொல்ல வேண்டியவர்கள் நிறைய.

ஸொலேன் படத்தைச் சுருட்டினாள், கற்களை ஓரமாகத் தள்ளினாள். நான் அசையாமல் நின்றேன். எத்தனை நேரம் வேண்டுமோ அத்தனை நேரம் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். கடைசியில் அவள் கேடயத்தின் குறுக்கே பார்த்தபடி பேசினாள்.

"ஒரு தப்பு இருக்குங்க ஐயா. நடுவுல ஒரு சாண் வளைஞ்சிருக்கு பாருங்க. அது என் தப்புதான். பிப்ரவரியில மழையில தனியா நட்டேன். அந்த முனையில கயிறு பிடிக்க ஆள் இல்ல."

பார்த்தேன். புதுக் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது. வலப்பக்க மேல்மூலையிலிருந்து அழகாகக் கிளம்பி, நடுவில் லேசாகத் தொய்ந்து, பிறகு இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"இப்ப ஆள் இருக்கு" என்றேன்.

அவள் கொட்டகைக்குப் போய்க் கயிற்றையும் இரண்டு முளைகளையும் கொண்டுவந்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு எதிர்மூலைக்கு நடந்தாள். முளையைத் தரையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்றாள். அதற்கு நான் செங்கல் தூளில் மண்டியிட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தவிர நான் எங்கும் மண்டியிட்டதில்லை. கால்சட்டை முழங்காலில் சிவந்துபோனது.

"தொய்யுது ஐயா, இன்னும் இழுங்க."

இழுத்தேன். கயிறு விறைத்துக்கொண்டு, பிறைகளுக்கு மேலே, பாதிரியாரின் மகன் விரும்பிய அதே திசையில் நின்றது. அவள் நடுவில் வளைந்த செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு தூக்கிக் கயிற்றின் கீழே வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. என்னை எழுந்திருக்கவும் சொல்லவில்லை. அது அவள் உரிமை.

அப்போது தலையில் தொப்பி வைத்த ஒரு குடும்பம் பாதையில் வந்து நின்றது. சீட்டு வாங்கியவர்கள். அப்பா என்னைத் தோட்ட வேலைக்காரர் என்று எடுத்துக்கொண்டு, இது என்ன செடி, ரொம்ப நேர்த்தியாக இருக்கிறதே என்று விசாரித்தார். சிற்றிலைச் செடி, புழு தொடாது என்றேன். அம்மாவுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டியிருந்தது.

வலது கையில் கயிறு இருந்தது. விட்டால் மறுபடி தொய்ந்துவிடும். இடது கையால் காட்டினேன்.